20 நிமிஷ இருட்டு

ஜெர்சி சிட்டி
செப்டம்பர் 12

அன்புள்ள அம்மா,

நேற்று போனை எடுக்கவில்லை என்று திட்டாதே. சிகாகோவில் வேலை முடித்து நூவர்க் திரும்பிய விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது, அதை அப்புறம் சொல்கிறேன்.

இடது பக்க ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். இறங்கப்போகும்போது விழித்துப் பார்த்தால், நியூயார்க் மன்ஹாட்டனின் தெற்கு முனையில் நீலமும் வெள்ளையுமாக இரண்டு வெளிச்சத் தூண்கள், எங்கள் விமானத்துக்கும் மேலே போகின்றன. செப்டம்பர் 11 என்பது அப்போதுதான் உறைத்தது. 2001-இல் இடிந்த இரட்டைக் கோபுரங்களின் நினைவாக வருஷா வருஷம் அன்று ராத்திரி ஏற்றுகிறார்கள். ஒரு பார்க்கிங் கட்டடத்து மொட்டைமாடியில் 88 விளக்குகள், ஒவ்வொன்றும் 7,000 வாட். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கிறது. மேலேயிருந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

பார்க்கும்போதே பட்டென்று அணைந்தது. ஃபியூஸ் போய்விட்டது என்றுதான் நினைத்தேன், தாராவி புத்தி! பக்கத்து சீட் பெரியவர் சிரித்தார். பறவைகள் வலசை போகும் காலமாம். வெளிச்சத்துக்குள் மாட்டிக்கொண்டு வெளியேறத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வருமாம். விடிய விடிய ஆட்கள் எண்ணுகிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் 20 நிமிஷம் அணைத்துவிடுவார்கள்.

அந்த இருட்டில் எனக்கு 2006 ஜூலை 11 ஞாபகம் வந்தது. மும்பை வெஸ்டர்ன் லைன் ரயில்களில் பதினோரு நிமிஷத்துக்குள் ஏழு குண்டு, அதில் ஒன்று மாஹிமில். அப்பா மாஹிமில் இறங்குகிற நேரம். போன் எதுவும் கிடைக்கவில்லை. நீ அடுப்பை அணைத்துவிட்டு 90 அடி ரோட்டில் போய் நின்றாய், நான் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. ஒன்பதரைக்கு அப்பா தாதரிலிருந்து நடந்தே வந்தார். டிபன் டப்பாவைக் கீழே வைக்காமலேயே தண்ணீர் கேட்டார். மறுநாள் காலை அதே ஸ்டேஷன், அதே ரயில். மும்பைக்காரர்கள் அசரமாட்டார்கள் என்று டிவியில் ஒரே பாராட்டு. போகாவிட்டால் கடையில் சம்பளத்தைப் பிடிப்பார்கள் என்பது அப்பாவுக்குத்தானே தெரியும்.

இங்கே கோபுரங்கள் நின்ற இடத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். கிட்டத்தட்ட 3,000 பெயர், நாலு மணி நேரம் ஆகும். அப்பா வழியில் என்ன பார்த்தார் என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை, இல்லையா?

தரையிறங்கும்வரை விளக்கு திரும்ப எரியவில்லை. டாக்ஸியில் வரும்போது எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பாவிடம் கேட்கப்போகிறேன். நீ முன்னாடியே மெல்லப் பேச்செடுத்து வை. நானாகக் கேட்டால், "அங்கே குளிர் எப்படி?" என்று மாற்றிவிடுவார்.

பொடியில் இந்தத் தடவை பூண்டு கொஞ்சம் கூடப் போடு.

உன் மகள்