விண்மீன்களோடு என்னை மறைக்கல்வி வகுப்புக்கு அழைத்தவர்களுக்கு

அன்புக்குரியவர்களே,

இறையியல் பட்டயப் படிப்பை முடித்துவிட்டேன். இந்தக் கல்வியாண்டு முதல் நம் பள்ளியின் உயர் வகுப்புகளுக்கு மறைக்கல்வி, அதாவது கிறிஸ்தவ சமயப் பாடம், கற்பிக்கும் பொறுப்பை ஏற்கிறேன். இதற்குக் காரணமானவர்கள் பலர். அவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். இருந்தாலும் எல்லாரும் அறியச் சொன்னால்தான் என் மனம் நிறையும்.

நான் இயற்பியல் படித்தவள். இரவு வானத்தின் மீதுள்ள பித்து இன்றும் தணியவில்லை. மறைக்கல்வி என்பது குருக்களும் கன்னியரும் எடுக்கும் பாடம் என்று ஒதுங்கியிருந்த என்னிடம், "உங்கள் விண்மீன்களையும் கூட்டிக்கொண்டே வகுப்புக்கு வாருங்கள்" என்றார் எங்கள் தலைமையாசிரியை அருட்சகோதரி. அந்தத் துணிவில்தான் ஜார்ஜ் லெமேத்ரைப் பற்றி மாணவர்களிடம் பேசினேன். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய பெல்ஜிய நாட்டுக் குரு அவர். ஆனால், தம் கோட்பாட்டைப் படைப்பு நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்ட அவர் விரும்பவில்லை. அந்த நேர்மை மாணவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என் தீராத ஆசை.

இறையியல் கற்பித்த அருட்தந்தைக்கு எப்படி நன்றி சொல்வேன்? வகுப்பு எடுத்துக் களைத்துப்போய் நின்ற ஒரு மாலையில், பழங்காலத் திருச்சபையின் ஆயரும் அறிஞருமான புனித அகுஸ்தினாரின் சிறு நூல் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஏறக்குறைய 400-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. தம் போதனை தமக்கே சலிப்பூட்டுகிறது என்று கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் ஒருவர் வருந்தியதற்கு அகுஸ்தினார் அளித்த பதில் அது. என்ன சொல்ல வேண்டும் என்பதோடு, சொல்பவர் மகிழ்ச்சியோடு சொல்வது எப்படி என்பதிலும் அவர் அவ்வளவு அக்கறை காட்டுகிறார்! சோர்வு வரும்போதெல்லாம் அந்தப் பக்கங்களுக்குத்தான் திரும்புகிறேன்.

என் மாணவர்களே, உங்களுக்குப் பட்ட கடன் பெரிது. விவிலியத்தின் யோபு நூலில், நேர்மையாளரான யோபு தம் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து, 'ஏன்' என்று கடவுளிடம் கேட்கிறார். "யோபுவுக்குப் புதிதாகப் பிள்ளைகள் பிறந்தார்கள், சரி. இறந்துபோன பிள்ளைகளை அவர் மறந்துவிட்டாரா?" என்று உங்களில் ஒருவர் கேட்டதிலிருந்து யோபு நூல் எனக்கு வேறு நூலாகிவிட்டது. 38-ஆம் அதிகாரத்தில் பேசத் தொடங்கும் கடவுள், யோபுவின் 'ஏன்' என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. கடலையும் கார்த்திகை விண்மீன்களையும் காட்டி அவரிடமே கேள்வி கேட்கிறார். ஆனால் முடிவில், சரியாகப் பேசியவர் என்று கடவுள் சொல்வது யோபுவை. துன்பத்துக்கெல்லாம் விளக்கம் வைத்திருந்த நண்பர்களை அல்ல. கேள்வி கேட்கும் மாணவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்று யாராவது சொன்னால், இந்த இடத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

வேறு சமயத்தைச் சேர்ந்த கணித ஆசிரியை ஒருவர் என் தேர்வு நாள்களில் என் வகுப்புகளையும் சேர்த்துச் சுமந்தார். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று கூறும் 1965-ஆம் ஆண்டின் வத்திக்கான் சங்க (கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) ஏட்டை அவரோடு சேர்ந்து படித்தேன். தனியே படித்திருந்தால் அதில் பாதிகூட எனக்கு விளங்கியிருக்காது. நூலகருக்கும், இரவெல்லாம் விளக்கெரியப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் என் அன்பு.

இந்த ஆண்டு உயர் வகுப்பில் யோபு நூலை முழுவதுமாகப் படிக்கிறோம். பெற்றோரும் வந்து அமரலாம், கேள்விகளோடு வாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் மறைக்கல்வி ஆசிரியை