டப்பாவில் அடைத்த பூ

சான் ஹோசே

அன்புள்ள மல்லிகா,

மாடியில் தளம் போட்டு முடித்தாயிற்று என்று படித்ததும் நிம்மதி. மூட்டுவலியோடு படியேறி ஏறி வேலை வாங்கியிருப்பாய், உன்னைத் தெரியாதா!

உன் மகள் டப்பா ஆர்ட்டிசோக்கை வாங்கி வைத்துக்கொண்டு முழிக்கிறாளாமே. அவளிடமே போனில் சொல்லிவிடலாம்தான், ஆனால் உனக்கு எழுதினால்தான் எனக்குக் கதை பேசிய திருப்தி.

நம் வாழைப்பூவை நினைத்துக்கொள். இதுவும் விரியாத மொட்டுதான்; முட்செடி, சூரியகாந்திக் குடும்பம். மடல் மடலாக உரிக்க வேண்டும், நறுக்கினால் கறுக்கும். நாம் மோரில் போடுவோம், இவர்கள் எலுமிச்சைத் தண்ணீரில். நாம் கள்ளன் எடுப்பதுபோல இதில் நடுவிலுள்ள பஞ்சைச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் சிக்கும். இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் காஸ்ட்ரோவில் என்று ஓர் ஊர். ஊரே ஆர்ட்டிசோக்தான், 1948இல் மரிலின் மன்றோவுக்கு ஆர்ட்டிசோக் ராணி என்று பட்டம் கட்டிய ஊர். அங்கே ஒரு பை நிறையப் பச்சையாக வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க உரித்தேன். மிஞ்சியது இரண்டு கைப்பிடி. அன்றைக்குத்தான் டப்பாவின் அருமை தெரிந்தது.

எண்ணெயிலும் வினிகரிலும் ஊறிய பாட்டில் வேண்டாம், அது சாலடுக்கு. தண்ணீரில் போட்ட டப்பாவாகப் பார்க்கச் சொல். துண்டு போட்டதைவிட முழுசாக இருப்பது நல்லது, குழையாது. உப்பிய டப்பாவைத் தொடவே வேண்டாம். பிரித்த பிறகு மிச்சத்தைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடட்டும்.

முதல் தடவை நான் அப்படியே சாம்பாரில் கொட்டினேன். கெடாமல் இருக்க சிட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள் என்று யார் கண்டது? புளியும் சேர்ந்து, பல் கூசிப் போயிற்று. "ஊறுகாய்க் குழம்பா?" என்றார் இவர். சாம்பாரைக் கொட்டிவிட்டுத் தயிர்ச்சோறு சாப்பிட்டோம்.

இப்போது பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, ஒவ்வொன்றையும் கையில் வைத்து ஒட்டப் பிழிகிறேன். துணியில் அரைமணி நேரம் பரப்பிவிட்டு, பாதியாக வெட்டி, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவேன். கிளறவே கூடாது. ஓரம் சிவந்ததும் திருப்பி, தட்டிய பூண்டும் மிளகும். உப்பு ருசி பார்த்துவிட்டுத்தான்; டப்பாவிலேயே இருக்கிறது. ரசம் சாதத்துக்கு அபாரம்.

ஒரு வேடிக்கை கேள். இதைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் சிலருக்கு இனிக்கும், நெல்லிக்காய் மாதிரி. பச்சையாக வாங்கி வேகவைத்த அன்று எனக்கு இனித்தது. பள்ளிக்கூடக் குழாயடியில் நெல்லிக்காயைக் கடித்துவிட்டு நாம் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தது ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்து வடை. கடலைப்பருப்போடு தட்டிப் பார்க்கப் போகிறேன். உங்கள் அம்மா வாழைப்பூ வடைக்குச் சோம்பு போடுவாரா, வெறும் பூண்டா? மறக்காமல் எழுது.

உன்
சாந்தி