கங்கையம்மன் கோயில் திருப்பணியும் மணல்மேட்டுப் பாதையும்: நிறைவு அறிக்கை

சபையோருக்கும் தலைக்கட்டு வரி கொடுத்த எல்லாக் குடும்பங்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

திருப்பணி முடிந்து ஒரு மண்டலம் ஆகிவிட்டது. கணக்கு எங்கே என்று டீக்கடையில் கேட்கிறார்கள், ஐஸ் கடையில் கேட்கிறார்கள், போன வாரம் ஒரு சாவு வீட்டிலும் கேட்டார்கள். இதோ கணக்கு.

முதலில் கோயில். விமானம் பழுதுபார்த்து வண்ணம் அடித்தது, மடைப்பள்ளிக் கூரை, கரண்ட் வேலை, தை மாதக் குடமுழுக்கு எல்லாம் சேர்த்து மதிப்பீடு 5,00,000 ரூபாய். ஆன செலவு 4,92,000. இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சந்தேகமெல்லாம் மணல்மேட்டில்தான். "கோயில் பணத்தைக் கொண்டுபோய் மணல்ல கொட்டிட்டாங்க" என்பது என் காதுபடவே சொன்னது. மேட்டையும் திருப்பணியில் சேர்க்க வேண்டும் என்று போன சித்திரைக் கூட்டத்தில் கை தூக்கியவர்கள் யார் யார் என்று மினிட் புத்தகத்தில் இருக்கிறது. மாசி மகத்துக்கு அம்மன் தீர்த்தவாரிக்குப் போவது அந்த மேட்டைத் தாண்டித்தான். வழி இருந்தால்தானே சாமி போகும்?

மேடு எதற்கு என்று கேட்கிற இளவட்டங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் கடலில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1876-ல் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிக் கடலுக்குள் கல்லை நீட்டினார்கள். மணல் அங்கே மறிக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடல் வரிசையாகத் தின்றது. எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் மணலா தெரிகிறது? கருங்கல்தான். இந்தப் பக்கம் முகத்துவாரத்தை ஒட்டி மிஞ்சியிருக்கிற இந்த ஒரு மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான். கொடி செத்தால் மணல் பறக்கும். மணல் பறந்தால் அடுத்த புயலுக்குத் தண்ணீர் நேராகக் கோயில் வாசலுக்கு வரும்.

விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நமக்கே தெரியும். குடும்பத்தோடு வருகிறவர்கள், கல்யாண போட்டோ எடுக்கிறவர்கள், மேட்டு மேலேயே பைக் ஏற்றுகிறவர்கள். போன ஆனியில் ஒரு ஞாயிறு மாலை 3 மணியிலிருந்து 6 மணி வரை நானும் பொருளாளரும் உட்கார்ந்து எண்ணினோம். 640 பேர். மேலே ஏறிய பைக் மட்டும் 31. வராதே என்று யாரையும் சொல்ல முடியாது, கடல் நம் வீட்டுச் சொத்தா என்ன? ஒரே வழியாக வா, அதில் நட, திரும்பிப் போ என்று சொல்லலாம். அதற்குத்தான் பாதை.

இப்போது ஒப்பந்தக்காரர் விவகாரம். மூன்று பேரிடம் விலை கேட்டோம், குறைந்த விலை அவருடையது. அவர் எனக்குச் சொந்தம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் இரண்டு வருஷம் முன்பு அவரிடம் சென்ட்ரிங் வேலை பார்த்தான். சொந்தம் அவ்வளவுதான்.

ஆடி மாதம் 60,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். ரசீதில் எழுதியது நான்கே வார்த்தை: "மணல்மேட்டில் பாதை போட முன்பணம்." எதனால் போடுவது என்று எழுதவில்லை. சவுக்குக் கம்பு, பனஞ்சட்டம், கயிறு என்று வாயால் சொன்னோம், அவரும் தலையாட்டினார். எழுதாதது என் தப்பு. அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, கடலுக்குப் போன பையன்கள்தான் முதலில் பார்த்தார்கள். இரவோடு இரவாக மேட்டின் தெற்குச் சரிவில் ரப்பீஷ் கொட்டியிருந்தது. உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, கம்பி, அதற்கு மேல் செம்மண். நாங்கள் போய்ப் பார்த்தபோது அம்மன் இறங்குகிற இடத்தில் பாதி உடைந்த ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் கிடந்தது. அதன் அடியிலிருந்து மான் குளம்பு மாதிரிப் பிளந்த இலையோடு ஒரு அடம்புக் கொடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் ஊதாப் பூ. வயதான ஆயா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதார்.

ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், "மணல்ல கம்பு நிக்காது சார். கீழ கெட்டியா அடிச்சு மேல பேவர் கல்லு போட்டுத் தரேன், பத்து வருஷம் அசையாது" என்றார். அசையாது என்பதுதான் பிரச்சினை. மேடு அசையும், அதற்கு மேல் அசையாத ஒன்றை வைத்தால் பக்கத்து மணல் அறுத்துக்கொண்டு போகும். சட்டமும் இருக்கிறது. 2019-ம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேட்டையும் ஆமை முட்டையிடும் கரையையும் முதல் வகையில், அதாவது மிகக் கடுமையாகக் காக்க வேண்டிய இடங்களில், வைத்திருக்கிறது. அங்கே சிமென்ட் கொட்டி வழக்கு வந்தால் நிற்பது ஒப்பந்தக்காரர் இல்லை, நாம்.

ஜேசிபி வைத்து அரை நாளில் அள்ளியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: அந்த வண்டி சரிவில் ஏறினால் மிச்சமிருந்த வேரும் போயிருக்கும். மண்வெட்டியும் பாண்டும் வைத்து 11 பேர் 4 நாள் அள்ளினார்கள். ஆளுக்கு நாள் கூலி 900, ஆக 39,600. வெளியே கொண்டுபோக லாரி 3 நடை, 13,500. டைல்ஸ் சில்லு இன்னும் அங்கங்கே காலில் குத்துகிறது, பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பஞ்சாயத்து இரண்டு ஞாயிறு நடந்தது. "நீங்க பாதைன்னுதான் எழுதினீங்க" என்று அவர் ரசீதைக் காட்டினார், நாங்கள் டாய்லெட்டைக் காட்டினோம். கடைசியில் 25,000 திருப்பித் தந்தார், 35,000 போனது போனதுதான். அந்த ரப்பீஷைக் கொட்ட இன்னொரு இடத்திலும் அவர் காசு வாங்கியிருப்பார் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். காட்ட முடியாததால் கணக்கில் எழுதவில்லை.

பிறகு நம் ஆட்களே வேலையை எடுத்துச் செய்தார்கள். பாதை ஏன் பாம்பு மாதிரி வளைகிறது என்பது அடுத்த கேள்வி. நேராக வெட்டினால் கடற்காற்று அதற்குள் புகுந்து மணலை வாரி, வழியே வாயாகத் திறந்துவிடும். அதனால்தான் 140 அடி போதும் என்று நினைத்தது 230 அடி ஆனது, கூடுதல் கம்புக்கும் சட்டத்துக்கும் 16,400. கம்பு மூன்றடி மணலுக்குள் இருக்கிறது, அடியில் காங்கிரீட் கிடையாது. பனஞ்சட்டங்களைக் கயிற்றால்தான் கோத்திருக்கிறோம், மணல் மூடினால் தூக்கி மேலே வைத்துக்கொள்ளலாம். கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு தடவை வைத்தாயிற்று.

கயிறு தேங்காய் நார்தான். நைலான் மலிவு, அறாது என்று சொன்ன அண்ணன்மார்களுக்குத் தெரியாததா? அறுந்த நைலான் கடலுக்குப் போனால் எதன் கழுத்தில் சுற்றும் என்று வலை போடுகிற நாம்தான் பார்த்திருக்கிறோம். நார்க் கயிற்றை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும், சரி, மாற்றுவோம்.

ரப்பீஷ் கிடந்த இடத்தில் ஐப்பசியில் பெண்கள் குழு அடம்புக் கொடி நட்டது. பாதிக்கு மேல் பிடித்துவிட்டது.

பாதைக்கும் மேட்டுக்கும் போட்ட விதிகளில் சண்டை வந்தது வெளியாட்களோடு இல்லை. டீக்கடையில் பைக்கை நிறுத்து என்றால் பெரும்பாலும் நிறுத்துகிறார்கள். சாக்கில் உட்கார்ந்து மேட்டிலிருந்து சறுக்குவது நம் பிள்ளைகள்தான். "எங்க மேடு, எங்க புள்ளைங்க" என்று என் வீட்டுக்கே வந்து கத்திவிட்டுப் போனார்கள். நானும் சின்ன வயதில் சறுக்கியவன்தான், அப்போது மேடு இதைவிட இரண்டு ஆள் உயரம். வலை, இன்ஜின் தூக்குகிறவர்களுக்கு வடக்குச் சந்து எப்போதும் போல் திறந்தே இருக்கும், அதற்குத் தடை போட்டோம் என்பது பொய்.

தை முதல் சித்திரை வரை மாலை 6 மணிக்குப் பாதை மூடப்படும். அது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) இரவில் ஏறி முட்டையிடும் காலம். டார்ச், செல்போன் வெளிச்சம் பட்டால் திரும்பிவிடும், குஞ்சுகளோ கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுக்கு வரும். மாசி மகம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் கயிற்றுக்குள்ளே டிராக்டர் சக்கரம் போன மாதிரி ஒரு தடம் இருந்தது. பைக் இல்லை, ஆமை. அந்தத் தடத்தைப் பார்த்த பிறகு பொருளாளர் செலவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைப் போட்டால் வரிசைச் சண்டை வரும், போன திருப்பணியில் வந்தது. முழுப் பட்டியல் கோயில் சுவரில் இருக்கிறது. 212 தலைக்கட்டு 1,500 வீதம் 3,18,000. 63 படகு 2,000 வீதம் 1,26,000. மீதி 3,84,700 மனசார வந்தது: மீன் விற்கும் அக்காமார் சங்கம், ஐஸ் கடைக்காரர், காசிமேட்டுக்கு வாக்கப்பட்டுப் போன நம் பெண்கள், கப்பலில் இருக்கிற மூன்று பையன்கள், போனஸை அப்படியே கொடுத்த மணலி கான்ட்ராக்ட் தொழிலாளி, வலை பின்னுகிற தாத்தா, டைலர், இட்லிக்கடை, பேரன் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த மேட்டுத்தெரு ஆயா, 2017-லும் 2023-லும் கரைக்கு வந்த எண்ணெயை வாளியால் அள்ளிய பையன்கள், பெயர் சொல்லாமல் 500 கொடுத்துவிட்டுப் போன ஒரு போட்டோக்காரர்.

மொத்த வரவு 8,28,700. பாதைக்கு மதிப்பீடு 2,20,000, ஆனது 3,24,500. அதிகமான 1,04,500-ம் மேலே எழுதிய நான்கு இனம்தான்: கூலி, லாரி, போன முன்பணம், கூடுதல் கம்பு. கோயிலோடு சேர்த்து மொத்தச் செலவு 8,16,500. கையிருப்பு 12,200, அடுத்த கயிற்றுக்கு.

அடுத்த திருப்பணிக்கு வேறு செயலாளரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பில்கள் எல்லாம் மரப்பெட்டியில் இருக்கின்றன, எந்த ஞாயிறும் வந்து பார்க்கலாம். பாதைச் சங்கிலிக்குச் சாவி இரண்டு. ஒன்று பூசாரியிடம், இன்னொன்று டீக்கடை அக்காவிடம்.