அணைவுச் சேர்மத்தில் இல்லாத தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டக் கல்லூரிகளின் எம்.எஸ்சி. வேதியியல் புராஜெக்ட்டுகளில் ஷிஃப் கார அணைவுச் சேர்மங்கள் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள கரிம மூலக்கூறு உலோகத்தோடு பிணைந்தவை) அடிக்கடி இடம்பெறுகின்றன. செலவு குறைவு, வேலையும் நல்ல வேலை. ஆனால் பல அறிக்கைகளில் ‘உலோகத்தோடு நீர் மூலக்கூறு பிணைந்துள்ளது’ என்று எழுதிவிடுகிறார்கள். சான்றாகக் காட்டுவது அகச்சிவப்பு நிறமாலையில் 3400 செ.மீ⁻¹ அருகே வரும் அகன்ற பட்டை ஒன்றைத்தான்.

இரண்டு பருவமழையும் கடல் காற்றும் உள்ள ஊர் இது. நிறமாலை எடுக்கச் சேர்மத்தோடு அரைத்து வில்லையாக அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு உப்பு, திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் 3400-இல் மட்டுமல்ல, 1630 அருகிலும் பட்டை தரும். சாலென் என்ற ஷிஃப் கார ஈனியின் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறின்) கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு தெரிவதும் 1635-ஐ ஒட்டித்தான். உலோகம் சேர்ந்ததும் அது சற்றுக் கீழிறங்குகிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தையே ஈரம் மறைத்துவிடுகிறது.

உப்பை 110 டிகிரி ஓவனில் சில மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத கலத்தில் ஆறவிட வேண்டும். 200 மி.கி. உப்புக்கு 2 மி.கி. சேர்மம் போதும். மழை நாளில் கல்வத்தில் நெடுநேரம் அரைத்தால் உலர்த்தியதே வீண். எல்லாவற்றுக்கும் முன்னால், அதே உப்பில் சேர்மம் இல்லாத வெற்று வில்லை ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அதிலும் 3400 பட்டை வந்தால் அந்தத் தண்ணீர் காற்றினுடையது. (டெசிகேட்டரின் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாவதும் கோபால்ட் தண்ணீரோடு அணைவதால்தான். மாணவர்களுக்குக் காட்ட அருமையான பாடம்.)

பெரிய கருவி இல்லாமலும் சரிபார்க்கலாம். எத்தனாலில் கரைத்த 2.68 கிராம் சாலெனுடன் 2.00 கிராம் காப்பர் அசிட்டேட் மோனோஹைட்ரேட் சேர்த்துச் சூடாக்கினால் கரும்பச்சைப் படிகம் கிடைக்கும். குளோரைடை விட அசிட்டேட் நல்லது. ஃபீனால் விடும் புரோட்டானை அதுவே வாங்கிக்கொள்ளும். நீரற்ற சேர்மத்தில் காப்பர் 19.3 சதவீதம், ஒரு நீர் இருந்தால் 18.3. 0.2 கிராம் எடுத்து அயோடின் முறையில் (காப்பர் அயோடைடிலிருந்து வெளியேற்றும் அயோடினைத் தயோசல்பேட்டால் அளப்பது) தரம்பார்த்தால் 0.05 மோலார் தயோசல்பேட் முன்னதற்கு 12.1 மி.லி., பின்னதற்கு 11.5 மி.லி. ஆகும். பியூரெட்டில் 0.6 மி.லி. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் புகைப்பெட்டிக்குள் அமிலத்தில் கொதிக்கவைத்து ஈனியை முழுக்க அழித்திருக்க வேண்டும். அரைகுறையாக விட்டால் காப்பர் குறைவாகக் காட்டும். நைட்ரிக் அமிலத்தின் பழுப்புப் புகை மிச்சமிருந்தால் அது தானே அயோடினை வெளியேற்றி அளவைக் கூட்டிவிடும்.

வெப்ப எடையறி பகுப்பாய்வு வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நீர் போனால் 5.2 சதவீத எடை குறைய வேண்டும்.

வெற்று வில்லையின் நிறமாலையும் காப்பர் அளவும் இல்லாத அறிக்கையில் ‘பிணைந்த நீர்’ என்ற வரியை ஏற்க வேண்டாம் என்று வழிகாட்டும் ஆசிரியர்களையும் வாய்மொழித் தேர்வாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
நாகர்கோவில்