முகவரி தந்தவர்களுக்கு

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் என் முதல் பருவப் படிப்புக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

2024 செப்டம்பர் இறுதியில் முதுகலைப் படிப்புக்காகத் திண்டுக்கல்லிலிருந்து வந்து இறங்கியபோது, முன்பணம் கட்டியிருந்த அறை எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. படுக்க இடமில்லை என்பதைவிட, எழுதிக்கொடுக்க முகவரி இல்லை என்பதே ஜெர்மனியில் பெரிய இடர் என்று அன்றுதான் அறிந்தேன். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு தருபவர் கையொப்பமிட்ட சான்று வேண்டும். பதிவுச் சான்று இல்லாமல் நான் அணுகிய வங்கி கணக்குத் தொடங்காது. கணக்கு இல்லையென்றால், விசாவுக்காக அப்பா கடன் வாங்கி, மாதம் இவ்வளவு என்று மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் செலுத்திய தொகையிலிருந்து மாதந்தோறும் எனக்கு வர வேண்டிய 992 யூரோவும் வராது.

அந்த நிலையில், தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று அழுதுகொண்டிருந்த என்னிடம், "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி" என்று சொல்லித் தம் வீட்டு மாடியறையைத் தந்த யாழ்ப்பாணத்து அக்காவுக்கு என் முதல் நன்றி. அக்கா, நீங்கள் சான்றில் கையொப்பமிட்டதோடு நிற்காமல், வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நகர அலுவலகத்துக்கும் உடன் வந்தீர்கள். ஆனால் அங்கே எனக்காக நீங்கள் பேசவில்லை. வழியெல்லாம் நான்கு ஜெர்மன் வாக்கியங்களைச் சொல்லவைத்து, அதிகாரியின் முன்னால் என்னையே பேசவிட்டுப் பின்னால் அமர்ந்திருந்தீர்கள். போர்க்காலத்தில் மொழி தெரியாமல் இங்கு வந்த உங்களுக்கும் ஒருவர் இப்படித்தான் செய்தார் என்று பிறகொரு நாள் சொன்னீர்கள். அந்த நான்கு வாக்கியங்களின் துணிவில்தான் மறுநாள் வங்கிக்குத் தனியாகச் சென்றேன்.

கீழ்வீட்டு அம்மையாருக்கு இம்மடலின் பொருளை நேரில் சொல்லியிருக்கிறேன். காகிதம் நீலத் தொட்டிக்கு, பொதியுறைகள் மஞ்சள் தொட்டிக்கு, காய்கறித் தோல் பழுப்புத் தொட்டிக்கு என்பதை நான் தவறாகச் செய்த ஒவ்வொரு முறையும், அவர் கடிந்துகொள்ளாமல் படம் வரைந்து கதவில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்று அறியாமல் வெறுங்கையோடு திரும்பிய முதல் வாரத்தில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் கொடுத்தவர் அவரே. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுவது என் மனத்தை மிகவும் வாட்டியது. வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நடக்க வேண்டும் என்று நண்பகலில் கதவைத் தட்டி அழைத்துச் சென்றதை நான் மருந்தாகவே கருதுகிறேன்.

பல்கலைக்கழக வளாகத்தில் உடன் படிக்கும் தோழிக்கும் கடன்பட்டிருக்கிறேன். அட்டவணையில் 10 மணி என்றிருந்த வகுப்புக்கு நேரத்தோடு சென்று, ஆளில்லா அரங்கைக் கண்டு இடம் தவறிவிட்டேன் என்று கலங்கியபோது, இங்கு வகுப்பு கால் மணி கழித்தே தொடங்கும் என்று சொன்னவள் அவள். வடக்கு வளாகத்தையும் தெற்கு வளாகத்தையும் இணைக்கும் ஓட்டுநர் இல்லாத தொங்கு ரயிலில் என்னை முதலில் ஏற்றிச் சென்றதும் அவள்தான். இவற்றையெல்லாம்விடப் பெரியது ஒன்று உண்டு. நம் ஊரில் கட்டணம் கட்டினால் தேர்வுச் சீட்டு தானாக வந்துவிடும். இங்கோ ஒவ்வொரு பாடத் தேர்வுக்கும் மாணவரே தனித்தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய மாலை அவள் நினைவூட்டியிராவிட்டால், இரு பாடங்களில் என்னால் தேர்வே எழுதியிருக்க முடியாது.

தைப்பொங்கலன்று ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில், குளிரில் விறைத்த என் கைகளில் சுடச்சுடப் பொங்கலை வைத்த பெயர் தெரியாத பெரியவருக்கும் என் வணக்கம். அம்மாவை அழைத்து அழாமல் பேசியது அன்றுதான்.

ஏப்ரலில் மதுரையிலிருந்து ஒரு மாணவி வருகிறாள். அக்கா, மாடியறையில் இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்கிறது. நகர அலுவலகத்துக்கு அவளை நான் அழைத்துச் செல்கிறேன்; இம்முறை நீங்கள் விடுப்பு எடுக்க வேண்டாம்.

நன்றியுடன்,
உங்கள் மாடியறைத் தங்கச்சி