அத்தை காரில் இருக்க வேண்டாம்

அன்புள்ள கயல்,

நேற்று போனில் கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போகும் திட்டத்தைச் சொன்னாய். "அத்தை மிக்கியைப் பார்த்துக்கிட்டு கார்லயே இருப்பாங்கப்பா, நாங்க ஏறிட்டு வந்துடுவோம்" என்றாய். வீல்சேரில் வரும் சம்பந்தியம்மாவும் உங்கள் நாய் மிக்கியும் காரிலேயே என்று அர்த்தம். சரிம்மா என்று வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் வந்திருந்தபோதும் இதைத்தான் செய்தோம், நினைவிருக்கிறதா? பூங்காவுக்குள் பேர் லேக் ஏரியின் பார்க்கிங்கில் அம்மாவுக்கு முழங்கால் வலி. மிக்கியைப் பாதையில் விடமாட்டார்கள் என்பது அங்கே போன பிறகுதான் நமக்குத் தெரிந்தது. "நான் இதோட இருக்கேன், நீங்க போங்க" என்றாள் அம்மா. இரண்டு சிக்கலும் ஒரே நேரத்தில் தீர்ந்ததாக நமக்கு நிம்மதி. எமரால்டு ஏரி வரை ஏறி, ஆற அமர இறங்கிவர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று ராத்திரி "நீ என்ன பார்த்தே?" என்று கேட்டேன். "வண்டிங்க வர்றதும் போறதுமா இருந்துச்சு. ஒரு குடும்பம் அவங்க பாட்டியை வீல்சேர்ல தள்ளிட்டுப் போச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஊருக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பேர் லேக் போகும் அதே சாலையில், நாம் நிறுத்தாமல் கடந்துபோன ஸ்ப்ரேக் ஏரியைச் சுற்றி ஒரு பாதை இருக்கிறது. ஒரு மைலுக்கும் குறைவு, ஏற்றமே இல்லை. இறுக்கிய சரளையும் பலகை நடைபாதையுமாக, வீல்சேர் போவதற்கென்றே அமைத்தது. எதிரே மலைத்தொடர் முழுவதும் தண்ணீரில் தெரியுமாம். அம்மா அங்கே தாராளமாக நடந்திருப்பாள். நான் முதலிலேயே விசாரித்திருக்க வேண்டும்.

அதனால் அந்த நாளை சம்பந்தியம்மாவின் வீல்சேரை வைத்துத் திட்டமிடு. காலையிலேயே ஸ்ப்ரேக் ஏரி. குட்டிப் பையனுக்கும் அந்தத் தூரம்தான் சரி. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஏற வேண்டும் என்றால் ஒருவர் மாற்றி ஒருவர் போய் வாருங்கள். கோடையில் அந்தச் சாலைக்கென்று தனியாக, நேரம் குறித்த அனுமதிச்சீட்டு முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். இப்போதே பார்த்து வை.

உயரத்தையும் யோசி. டென்வரே 5,280 அடி. ஸ்ப்ரேக் ஏரி சுமார் 8,700 அடி. பூங்காவுக்குள் மலைமேல் போகும் டிரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை போகிறது. அந்த வயதில் அது சின்ன விஷயமில்லை. முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள். பூங்கா வாசலில் இருக்கும் எஸ்டஸ் பார்க் ஊரில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மேலே போங்கள். தலைவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே கீழே இறங்கிவிடு. டிரெயில் ரிட்ஜில் காரில் உட்கார்ந்தபடியே அந்த உயரத்தில் மரமே வளராத வெட்டவெளியைப் பார்க்கலாம். அப்போது முன் இருக்கை சம்பந்தியம்மாவுக்குத்தான். மதியத்துக்கு மேல் அங்கே இடியும் மின்னலும் சகஜம், அதற்குள் இறங்கிவிடுங்கள். பையனைப் பாதையை விட்டு ஓட விடாதே. மேலே இருக்கும் அந்தக் குட்டிச் செடிகள் மிதிபட்டால் தேற எத்தனையோ வருஷம் பிடிக்கும்.

அப்புறம் மிக்கி. நாயை விடாதது கெடுபிடி என்று நீ சொன்னாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மானுக்கும், எல்க் என்ற பெரிய மானுக்கும் நாய் என்றால் வேட்டையாட வந்த விலங்குதான், அதன் வாடையே போதும் மிரண்டுபோக. மேலே பாறை இடுக்கில் பிக்கா என்று முயல் இனத்தைச் சேர்ந்த சின்னப் பிராணி இருக்கிறது. குளிர்காலம் முழுக்கத் தின்ன வேண்டிய புல்லை அந்தக் கொஞ்ச நாள் கோடையிலேயே அறுத்துச் சேர்த்தாக வேண்டும். அது ஓடி ஒளிகிற ஒவ்வொரு முறையும் அதன் வேலை கெடும். பார்க்கிங்கிலும், சாலையோரத்திலும், பிக்னிக் இடத்திலும், முகாம் மைதானத்திலும் ஆறடிக் கயிற்றில் நாயை வைத்துக்கொள்ளலாம். காரில் மட்டும் தனியாக விட்டுவிடாதே, வெயிலில் கார் அடுப்பாகிவிடும். அன்று அதை யாரிடமாவது விட்டுவிட்டுப் போவதுதான் நல்லது. இல்லை, மிக்கியும் வரத்தான் வேண்டும் என்றால் மறுநாளைப் பூங்காவை ஒட்டியிருக்கும் ரூஸ்வெல்ட் தேசிய வனத்துக்கு வைத்துக்கொள். அங்கே கயிற்றோடு பாதைகளில் நடக்க விடுவார்கள்.

ஸ்ப்ரேக் ஏரியில் வீல்சேர் எங்கேயாவது தடுக்குகிறதா, உட்காரப் பெஞ்சு எங்கெங்கே இருக்கிறது, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று பார்த்து எனக்கு எழுது. அடுத்த வருஷம் நாங்கள் வரும்போது முதல் நாள் அங்கேதான் போக வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா