திறனுக்குச் சான்றளிப்பது எப்படி?

ஆசிரியருக்கு,

மருத்துவப் பயிற்சியில் ஆண்டுக் கணக்கை விட்டு, திறனை வைத்தே அடுத்த நிலைக்கு உயர்த்த வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தை வரவேற்கிறேன். ஆனால் அந்தத் திறனை யார், எப்போது பார்த்துச் சான்றளிக்கிறார் என்பது முக்கியம். கழுத்துச் சிரையில் குழாய் செலுத்துவதை ஒரு மாணவர் பத்து முறை செய்தார் என்று அவரது பதிவேடு சொல்லும். ஊசி சிரையில்தான் இருக்கிறதா என அல்ட்ராசவுண்டில் உறுதி செய்தாரா, குழாயை உள்ளே தள்ளும்போது, அதற்கு வழிகாட்ட முன்னதாகச் சிரைக்குள் விட்ட மெல்லிய கம்பியின் வெளிமுனையை விரலில் பிடித்திருந்தாரா என்பதைச் சொல்லாது. பிடி நழுவினால் கம்பி முழுதும் சிரைக்குள் போய்விடும்.

பயிற்சி முடியும் வாரத்தில் மதிப்பீட்டுப் படிவங்கள் கட்டுக்கட்டாகக் கையெழுத்துக்கு வருவதைத் துறைகளில் பார்க்கிறோம். மாதங்களுக்கு முந்தைய செயலுக்கு நினைவிலிருந்து மதிப்பிடும்போது எல்லோருக்கும் ‘நன்று’ என்றே விழுகிறது. தடுமாறும் மாணவருக்கு உரிய உதவி கிடைப்பதில்லை. நேரில் பார்த்த அன்றே, திருத்த வேண்டியதை ஒரே வரியில் எழுதும் படிவம் போதும். வெவ்வேறு நோயாளிகளிடம், குறைந்தது மூன்று ஆசிரியர்கள் பார்த்த பின்பே, தனியாகச் செய்யும் அனுமதியை ஒரு குழு வழங்கட்டும். இதற்கென ஆசிரியர்களின் பணிநேரத்தில் வாரம் 2 மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.